டிக்கெட் இல்லாமல் யானை பார்க்கும் ஊர்

சேரம்பாடியில் யானை பார்க்க டிக்கெட் வேண்டாம். சாயங்காலத்துக்கு மேல் லயத்து வாசலில் நாய் விடாமல் குரைத்தாலோ, பலா பழுக்கும் மாதத்தில் வீட்டுக்குப் பின்னால் கிளை முறியும் சத்தம் கேட்டாலோ போதும், வந்திருப்பது யார் என்று சின்னப் பிள்ளைகளுக்கும் தெரிந்துவிடும். கதவைத் தாழ் போட்டுவிட்டுப் பக்கத்து வீட்டுக்கு ஒரு போன் அடிப்பார்கள். "ஆனை நிக்குது, வெளிய வராதீங்க."

நீலகிரி மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில், பந்தலூர் தாலுகாவில், வயநாட்டை ஒட்டி இருக்கும் ஊர் இது. 1964-ல் கையெழுத்தான சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தமிழர்களுக்கு வேலை கொடுப்பதற்காக, 1968 முதல் அரசு இந்தப் பகுதிகளில் தேயிலை பயிரிட்டது. 'டேன்டீ' என்று எல்லோரும் சொல்லும் தமிழ்நாடு அரசு தேயிலைத் தோட்டக் கழகத்தின் தோட்டங்கள் இங்கே உண்டு. அந்தக் குடும்பங்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்றும் இங்கே கொழுந்து பறிக்கிறார்கள்.

இந்த ஊர்க்காரர்களும் காசு கொடுத்து சஃபாரி போவது உண்டு என்றால் வெளியூர்க்காரர்களுக்குச் சிரிப்பு வரும். ஆனால் மதுரையிலிருந்தோ திருப்பூரிலிருந்தோ உறவுக்காரர்கள் வந்தால் எங்காவது கூட்டிக்கொண்டு போக வேண்டுமே! பந்தலூர், தேவாலா, நாடுகாணி தாண்டிக் கூடலூர். அங்கிருந்து இறங்கினால் முதுமலைக் காடு, மாயாற்றங்கரையில் தெப்பக்காடு. வனத்துறையின் வேன் அங்கிருந்துதான் புறப்படுகிறது.

பக்கத்து சீட்டில் யார்?

காலை வேன் ஒன்றில் யார் யார் இருப்பார்கள்? முன் சீட்டில் ஈரோட்டிலிருந்து வந்த புது ஜோடி. நடுவில் சென்னைக் குடும்பம் ஒன்று, கூடவே ரிட்டயரான பாட்டி. பெங்களூரு ஐ.டி. பையன்கள் மூன்று பேர். கடைசி சீட்டில் சேரம்பாடி அக்கா ஒருவர், ஊரிலிருந்து வந்த நாத்தனார் குடும்பத்தோடு.

முதல் பத்து நிமிடம் யாரும் யாரோடும் பேச மாட்டார்கள். ஜன்னல் சீட்டு யாருக்கு என்பதுதான் எல்லோருடைய கவலையும். புள்ளிமான் கூட்டம் வரும். நாலு போட்டோ எடுத்த பிறகு அதை யாரும் மதிப்பதில்லை. "புலி வருமா டிரைவர்?" என்று ஒரு குரல் கேட்கும். டிரைவர் தினமும் கேட்கும் கேள்வி அது. சிரித்துவிட்டுப் பேசாமல் ஓட்டுவார்.

பிறகு ஒரு வளைவில் வேன் மெல்ல நின்று, இன்ஜின் அணையும். மூங்கில் புதருக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் யானை, அதன் கால்களுக்கு நடுவே குட்டி. இரண்டு நிமிடம்தான் இருக்கும். அந்த இரண்டு நிமிடம் வேனில் மூச்சு விடும் சத்தம்கூடக் கேட்கும். ஜன்னல் ஓரத்துப் பையன் பின்னுக்குச் சாய்ந்து பாட்டிக்கு வழி விடுவான். புது மாப்பிள்ளை யாரோ ஒருவரின் குழந்தையைத் தூக்கிக் காட்டுவார். அதுவரை ஜன்னலுக்குப் போட்டி போட்டவர்கள்தான் இவர்கள்.

யானை புதருக்குள் போன பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் பேசுவார்கள். "குட்டியைப் பாத்தீங்களா?" "காதை ஆட்டிக்கிட்டே இருந்துச்சே, கோபமா?" கடைசி சீட்டு அக்கா அப்போதுதான் வாயைத் திறப்பார். "காது ஆடுச்சுன்னா பயமில்லைம்மா. காதை விரிச்சு அப்படியே நிறுத்திட்டு நம்மளையே பாத்துச்சுன்னாதான் ஓடணும்." வேனே அவர் பக்கம் திரும்பும். "உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்பார் பாட்டி. "எங்க ஊருக்கு வருமே!"

சஃபாரி நட்பு பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குகிறது. வேலை, சம்பளம், ஊர் எதையும் விசாரிக்கும் முன்பே ஒரு பெரிய காட்சியைப் பக்கத்து பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவர்கள் அவர்கள். இறங்கியதும் டீக்கடை, போட்டோ பரிமாற்றம், ஒரு வாட்ஸ்அப் குரூப். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வாழ்த்து வரும். அடுத்த முறை வால்பாறையா, டாப்ஸ்லிப்பா என்று பேச்சு ஓடும்.

சங்கர் என்றொரு யானை

சஃபாரி முடிந்தவர்கள் அடுத்துப் போவது தெப்பக்காடு யானைகள் முகாமுக்கு. கேழ்வரகு உருண்டை, வெல்லம், தேங்காய் என்று யானைகளுக்கு உணவு கொடுக்கும் நேரம் அது. 'தி எலிஃபன்ட் விஸ்பரர்ஸ்' ஆவணப்படம் 2023-ல் ஆஸ்கர் வாங்கிய பிறகு, பொம்மன், பெள்ளி தம்பதியையும் குட்டி ரகுவையும் தெரியாதவர்கள் இல்லை.

அதே முதுமலைக்கு வந்து சேர்ந்த இன்னொரு யானையின் கதை வெளியூர்க்காரர்களுக்கு அவ்வளவாகத் தெரியாது. சேரம்பாடி அக்காவுக்குத் தெரியும். 2020 டிசம்பரில் சேரம்பாடிப் பகுதியில் மூன்று உயிர்கள் போனதற்குக் காரணம் ஒரே ஆண் யானை. பெயர் சங்கர். அந்த நாட்களில் பொழுது சாய்ந்தால் தெருவில் ஆள் இருக்காது. 2021 பிப்ரவரியில் வனத்துறையினர் மயக்க ஊசி போட்டு, கும்கிகளின் உதவியோடு அதைப் பிடித்து முதுமலைக்குக் கொண்டுபோனார்கள். கரால் என்னும் மரக்கூண்டில் வைத்துப் பாகன்கள் பழக்கினார்கள். ஊரே பயந்த யானை, மனிதன் கையிலிருந்து உணவு வாங்கித் தின்னப் பழகியது.

அக்கா இதைச் சொல்லி முடித்ததும் பாட்டி என்ன கேட்பார்? "அதுமேல உங்களுக்குக் கோபம் இல்லையாம்மா?" இந்தக் கேள்விக்கு அந்தப் பக்கத்தில் ஒரே பதில் கிடையாது. உறவைப் பறிகொடுத்தவர்களின் கோபத்தில் நியாயம் இருக்கிறது. "அதோட வழியில நாம வீடு கட்டிட்டோம், அது எங்க போகும்?" என்பவர்களும் அதே லயத்தில்தான் இருக்கிறார்கள்.

இரண்டுமே உண்மை. முதுமலை, பந்திப்பூர், வயநாடு என்று மூன்று மாநிலங்களில் மூன்று பெயர் இருந்தாலும் யானைக்கு அது ஒரே காடு. கூடலூர், பந்தலூர் பக்கம் அந்தக் காடு தேயிலை, காபி, ஊர், ரோடு என்று துண்டு துண்டாகிவிட்டது. ஒரு பெரிய யானைக்கு ஒரு நாளைக்கு 150 கிலோவுக்கு மேல் தீனி வேண்டும். ஒரு துண்டிலிருந்து அடுத்த துண்டுக்குப் போகும் வழியில் வாழையும் பலாவும் வீட்டு அரிசி வாசனையும் இருந்தால் அது நிற்கத்தான் செய்யும். 2023 கணக்கெடுப்பில் தமிழகக் காடுகளில் 2,961 யானைகள், 2024-ல் 3,063. செய்தியைப் படித்து ஊரெல்லாம் மகிழ்ந்தது. சேரம்பாடியில் அந்த மகிழ்ச்சியோடு கொஞ்சம் கவலையும் இருந்திருக்கும்.

டூரிஸ்ட் கையேட்டில் இதெல்லாம் இருக்காது. பக்கத்து சீட்டில் உட்கார்ந்தவர் சொன்னால்தான் தெரியும்.

நாற்பத்தாறு வருட சந்தோஷம்

காட்டைப் பார்க்கும் சந்தோஷம் எத்தனை நாள் நிலைக்கும்? மா. கிருஷ்ணனைக் கேட்டிருந்தால் ஆயுள் முழுக்க என்றிருப்பார். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன் அவர். முதுமலை உட்படப் பல காடுகளில் யானைகளைக் கவனித்து எழுதியவர். பல பாகங்களைத் தானே சேர்த்துப் பூட்டிய கேமராவுக்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று வேடிக்கையாகப் பெயர் வைத்திருந்தார். கல்கத்தாவின் 'ஸ்டேட்ஸ்மன்' நாளிதழில் 1950-ல் ஒரு பத்தி தொடங்கினார். 1996 பிப்ரவரி 18 அன்று அவர் காலமானார். கடைசிப் பத்தி வெளியானதும் அதே நாளில்தான்.

46 வருடம் எழுத அவருக்குப் புலி மட்டும் விஷயமாக இருந்ததில்லை. அணில், காகம், மைனா, தெரு நாய்கூடப் போதும். புலிக்காக மட்டும் போகிறவருக்குப் பத்துப் பயணத்தில் ஒன்பது ஏமாற்றம். கடமான் தலை தூக்கிப் பார்ப்பதையும், மலை அணில் மரம் விட்டு மரம் தாவுவதையும், காட்டெருமையின் வெள்ளைக் கால்களையும் ரசிக்கத் தெரிந்தவருக்கு எந்தப் பயணமும் வீணில்லை.

போகிறவர்களுக்கு

* கோடையில் காட்டுத் தீ அபாயம் இருந்தால் சஃபாரியை நிறுத்திவிடுவார்கள். விசாரித்துவிட்டுக் கிளம்புவது நல்லது.
* பச்சை, பழுப்பு நிற உடை போதும். பளிச்சென்ற நிறமும் தூக்கலான சென்ட்டும் வேண்டாம்.
* நீலகிரியில் பிளாஸ்டிக் பாட்டிலுக்குத் தடை. வீட்டிலிருந்தே தண்ணீர் கொண்டுபோகலாம்.
* காட்டு ரோட்டில் வண்டியை நிறுத்தி செல்ஃபி எடுப்பதோ, குரங்குக்குத் தீனி போடுவதோ கூடாது. அங்கே மனிதனுக்குப் பழகும் மிருகம், நாளைக்கு இன்னொருவர் வீட்டு வாசலில் போய் நிற்கும்.
* பக்கத்து சீட்டில் உள்ளூர்க்காரர் இருந்தால், ஜன்னலை அவருக்கு விடாவிட்டாலும் பரவாயில்லை. ஒரு வார்த்தை பேசிப் பார்க்கலாம்.

டிவியில் "பந்தலூர் அருகே குடியிருப்புக்குள் யானை" என்று ஒரு வரி ஓடும். சென்னையில் எத்தனையோ வீடுகளில் அடுத்த சேனலுக்கு மாற்றிவிடுவார்கள். ஒரு வீட்டில் மட்டும் பாட்டி மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுத்து, போனில் 'சேரம்பாடி' என்று பதிந்து வைத்திருக்கும் நம்பரை அழுத்துவார்.

"என்னம்மா, உங்க பக்கமா? பிள்ளைங்க எல்லாம் உள்ள இருக்காங்களா?"

"மேல் லயத்துப் பக்கம்மா. நாங்க நல்லா இருக்கோம். ஃபாரஸ்ட்காரங்க வந்துட்டாங்க."

"தனியா வந்திருக்கா, குட்டியோடவா?"

"குட்டியோடதான்மா."

"சரி, சரி. அதுவும் பத்திரமா போய்ச் சேரட்டும். விடிஞ்சதும் எனக்கு ஒரு போன் பண்ணும்மா."