நிறுத்தும் உரிமை யாருக்கு?

சிறுவயதில் நான் கொண்டாடிய ஒரு சினிமா என் தொழிலுக்குள்ளும் கூடவே வந்துவிட்டது. 2004இல் தமிழிலும் வெளியான ‘ஸ்பைடர்மேன் 2’. பெங்களூரின் பீன்யா தொழிற்பேட்டையில் ஒரு பிரஸ் ஷாப்பில் ஆபரேட்டராக இருந்த அப்பாதான் அழைத்துப்போனார். ஓடும் ரயிலை வலைவீசி நிறுத்தும் காட்சியைத்தான் பள்ளியில் எல்லோரும் பேசினோம். எனக்குள் தங்கியது வேறு: விஞ்ஞானி டாக்டர் ஆக்டேவியஸ் தன் அணு இணைவு இயந்திரத்தை விருந்தினர் முன் ஓட்டிக்காட்டும் காட்சி.

இதைக் கட்டுக்குள் வைக்க முடியுமா என்று, ஸ்பைடர்மேனாகிய பீட்டர் முன்பே கேட்டுவிடுகிறான். ஆக்டேவியஸுக்குத் தன் கணக்கில் சந்தேகமே இல்லை. அறையிலுள்ள உலோகப் பொருள்களை இயந்திரம் இழுக்கத் தொடங்கிய பிறகும், சற்று நேரத்தில் அடங்கிவிடும் என்கிறார். மின்கம்பிகளை ஸ்பைடர்மேன் பிடுங்கி எறிவதற்குள் அவர் மனைவி இறந்துபோகிறார். ஆக்டேவியஸ் அப்போது கெட்டவர் அல்லர். வாழ்நாள் உழைப்பும், பணம் போட்ட ஆஸ்கார்ப் நிறுவனமும் ஒருசேர எதிரே நிற்கும்போது நிறுத்த மனம் வராதவர். ஆலை விபத்துகளை ஆராயும் எனக்கு இந்த வரிசை மிகவும் பழகிப்போனது.

உலோகத் தகட்டை வெட்டி வளைக்கும் பழைய பவர் பிரஸ்கள் பலவற்றில் பெடலை மிதித்துவிட்டால் கிளட்ச் ஒரு முழுச் சுற்று முடிக்காமல் விடாது. ‘ராம்’ எனும் அழுத்தும் பாகம் இறங்கும்போது சிவப்பு பட்டனை அழுத்திப் பயனில்லை; சென்சார் மாட்டினாலும் பயனில்லை. கை டைக்குள் (அச்சுக்குள்) போகவே முடியாதபடி கார்டு (தடுப்பு) இருந்தால்தான் விரல் தப்பும். ஆனால் கார்டு இருந்தால் வேலை மெதுவாகும் என்ற கணக்கு உண்டு. ஜாப் ஒர்க்கில் துண்டுக்கு இவ்வளவு பைசா என்று கூலி வாங்கும் முதலாளி அதைக் கழற்றச் சொல்கிறார். இரவு ஷிஃப்டில் ஆபரேட்டரே கழற்றிவைக்கிறார். கட்டைவிரல் நுனி இல்லாத ஒருவர், வெர்னியர் அளவுகோலை ஆள்காட்டி விரலால் தள்ளி அளவெடுப்பதைப் பார்த்திருக்கிறேன். கேட்டால், பழகிவிட்டது என்றார்.

ஆபத்தான பாகங்களுக்குத் தடுப்பு வேண்டும் என்று 1948ஆம் ஆண்டு தொழிற்சாலைச் சட்டத்தின் 21ஆவது பிரிவு சொன்னது. அந்தச் சட்டப்படி, மின்சக்தியோடு 10 பேர் வேலைசெய்தால் அது தொழிற்சாலையாக இருந்தது. 2020இல் இயற்றப்பட்டு 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த பணியிடப் பாதுகாப்புத் தொகுப்பு, அந்த எண்ணிக்கையை 20 ஆக்கிவிட்டது. பொதுவான கடமைகள் 10 பேர் இருந்தாலே பொருந்தும் என்பது உண்மைதான். ஆனால் ஆறேழு பேரோடு ஓடும் பட்டறை இரண்டிலும் சேராது. பீன்யாவின் குறுக்குத் தெருக்களில் அப்படிப்பட்ட பட்டறைகள் நிறைய.

தொழிற்சாலை ஆய்வாளர் வருகை என்றாலே தொல்லை என்று சிறுமுதலாளிகள் சொல்வதை நான் ஒதுக்கமாட்டேன். அவர்களில் பலர் தாங்களே மெஷினில் நிற்பவர்கள். சூப்பர் ஹீரோ படங்கள் தனிமனித வீரத்தை நம்பச் செய்கின்றன என்ற விமர்சனத்திலும் நியாயம் உண்டு. ஆனால் அந்த வீரம் தாமதமாகத்தான் வந்து சேர்கிறது என்பதையும் இந்தப் படமே காட்டிவிடுகிறது. அதனால்தான் நான் ஆஸ்கார்ப்பைப் பற்றி அதிகம் யோசிக்கிறேன். ஆஸ்கார்ப்பின் இடத்தில் இங்கே இருப்பது வேலை கொடுக்கும் பெரிய நிறுவனம்; பட்டறைக்கு டையைக் கொடுத்தனுப்புவது பல நேரம் அதுதான். அந்த டையோடு கார்டையும் அதுவே செய்து அனுப்பட்டும். கார்டோடு ஓட்டினால் எத்தனை துண்டு வருமோ அந்தக் கணக்கில் கூலி போடட்டும். கார்டு இல்லாத டையை பிரஸ்ஸில் ஏற்றமாட்டேன் என்று சொல்லும் ஆபரேட்டருக்கு அன்றைய சம்பளம் குறையாது என்பதும் ஆர்டரிலேயே எழுதப்பட வேண்டும்.

கட்டுரையாளர், தொழிற்சாலைப் பாதுகாப்புப் பொறியாளர்.