சர்வீஸ் செய்த வண்டியில் புதுச் சத்தமா? இன்ஜினை இறக்க அவசரப்பட வேண்டாம்

நேற்று வரை ஒழுங்காக ஓடிய வண்டி, ஆயில் மாற்றி பில்டர் போட்டு வந்த மறுநாள் காலையில் ‘டக் டக்’ என்று தட்டுகிறது. மணிலா மூட்டைகளை ஏற்றிக்கொண்டு உளுந்தூர்பேட்டை ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்குப் புறப்பட்டு நிற்கும் விவசாயிக்கு இதைவிட வயிற்றைக் கலக்கும் சத்தம் வேறு இல்லை. பட்டறைக்குத் திரும்பக் கொண்டுபோனால், “இன்ஜினை இறக்கிப் பார்த்தால்தான் தெரியும்” என்று சொல்லிவிடுகிறார்கள். விவசாயியும் தலையை ஆட்டிவிடுகிறார். இது தவறு. சர்வீசுக்கு முன் இல்லாத சத்தம் சர்வீசுக்குப் பின் கேட்டால், சர்வீசில் கை பட்ட இடத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

சிறு விவசாயிகளிடம் இன்று உள்ளவை பெரும்பாலும் டிராக்டரும் சிறு சரக்கு வண்டியுமே. ‘குட்டி யானை’ என்று ஊரார் பெயர் வைத்த டாட்டா ஏஸ் 2005-ல் சந்தைக்கு வந்தது. அதில் இருந்தது 702 சிசி, இரண்டு சிலிண்டர் டீசல் இன்ஜின். இரண்டு சிலிண்டர் இன்ஜினுக்கு ஆட்டமும் இரைச்சலும் பிறவிக் குணம். ஆகவே வண்டியின் வழக்கமான சத்தம் எது, புதிதாக வந்தது எது என்று பிரித்துச் சொல்லக்கூடியவர் தினமும் அதை ஓட்டுகிறவர்தான். மெக்கானிக் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும், இந்த ஒரு விஷயத்தில் அவர் விவசாயியைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலில் ஆயில். பில்டர் மாற்றிய பின் முதல் முறை ஸ்டார்ட் செய்யும்போது இரண்டு மூன்று விநாடி கடகடவென்று கேட்டு அடங்கினால் பயம் இல்லை. காலியாக இருந்த பில்டர் நிரம்பும் வரை மேலே ஆயில் ஏறாது. நின்ற வாக்கில் மாட்டும் பில்டரானால், மாட்டுவதற்கு முன்பே அதில் ஆயில் ஊற்றி நிரப்பினால் இந்தச் சத்தமும் வராது. ஆனால் சிவப்பு ஆயில் விளக்கு அணையாமல் எரிந்தாலோ, தட்டல் நிற்காமல் தொடர்ந்தாலோ அந்த நிமிடமே இன்ஜினை நிறுத்திவிட வேண்டும். “பட்டறை வரைக்கும் ஓட்டிப் போய்விடலாம்” என்று எடுத்த எடுப்பில் பேரிங் போய், கிராங்கும் கெட்டுவிடும். கயிறு கட்டி இழுத்துச் செல்லும் செலவு அதன் பக்கத்தில் ஒன்றுமே இல்லை.

வண்டியைச் சமதரையில் நிறுத்தி, பத்து நிமிடம் கழித்து அளவுக் கம்பியைத் துடைத்துப் போட்டுப் பார்க்க வேண்டும். குறைவாக இருந்தால், வண்டிக்கு அடியில் ஆயில் சொட்டியிருக்கிறதா என்று பார்க்கலாம். பழைய பில்டரின் ரப்பர் வளையம் இன்ஜினிலேயே ஒட்டிக்கொண்டிருக்க, அதன் மேலேயே புதிய பில்டரை முறுக்கிவிடுவது பட்டறைகளில் நடக்கக்கூடிய பிழை. இரண்டு வளையம் சேர்ந்தால் ஓட்டத்தில் ஆயில் பீச்சி வெளியேறிவிடும். அளவுக்கு மேல் ஊற்றுவதும் கெடுதல். சுழலும் கிராங்க் ஆயிலை மோர் கடைவது போலக் கடைந்து நுரையாக்கும். நுரை ஆயில் தேய்மானத்தைத் தடுக்காது. சத்தமும் புகையும் வரும். “கொஞ்சம் கூட இருந்தால் நல்லதுதானே” என்று ஊற்றச் சொல்கிற விவசாயிகளும் இதில் குற்றவாளிகளே.

அடுத்தது டேப்பட். தையல் மிஷின் ஓடுவது போல மேல்பக்கத்தில் மெல்லிய ‘டிக் டிக்’ கேட்டால், வால்வு இடைவெளியை அதிகமாக வைத்திருக்கலாம். இன்ஜின் இரண்டு சுற்று சுற்றினால் ஒரு வால்வு ஒரு முறைதான் திறக்கும். ஆகவே இந்தச் சத்தம் இன்ஜினின் வேகத்தில் பாதி வேகத்தில் ஒலிக்கும். இதைக் கேஜ் வைத்துச் சரிசெய்ய இன்ஜினை இறக்க வேண்டியதில்லை. ஆனால் இங்கே ஒரு சூழ்ச்சி உண்டு. சத்தம் போக வேண்டும் என்பதற்காகவே டேப்பட்டை இறுக்கி வைத்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். சத்தம் உடனே போய்விடும். விவசாயியும் மகிழ்ந்து போவார். வால்வு சரியாக மூடாமல் சில மாதங்களில் கருகிப்போகும். கம்பெனிப் புத்தகத்தில் உள்ள அளவுதான் வைக்கப்பட்டதா என்று கேட்டறிவது விவசாயியின் உரிமை.

மற்றவை சுலபமானவை. ஸ்டார்ட் செய்தவுடன் ‘கீச்’ என்று கத்துவது தளர்ந்த பெல்ட்; விடாமல் ஊளையிடுவது அதிகம் இறுக்கிய பெல்ட். நடுவில் கட்டை விரலால் அழுத்தினால் அரை அங்குலம் போல் அமுங்க வேண்டும். காற்று உறிஞ்சும் சீழ்க்கை கேட்டால் ஏர் பில்டர் சரியாக உட்காரவில்லை. அந்த வண்டியை வயல் புழுதியில் ஓட்டவே கூடாது. டீசல் பில்டர் மாற்றிய பின் விட்டு விட்டு அடித்தால் லைனில் காற்று பிடித்திருக்கும். அடித்தட்டு போல்ட்டை முடுக்க மறந்திருந்தாலும், ஏன், பட்டறைக்காரர் ஸ்பேனரை இன்ஜின் மேல் மறந்திருந்தாலும்கூடச் சத்தம் வரும்!

சத்தம் வரும் இடத்தைக் கண்டுபிடிக்க, நீண்ட ஸ்குரூ டிரைவரின் முனையை இன்ஜினில் வைத்துப் பிடியைக் காதில் வைத்துக் கேட்பது பழைய மெக்கானிக்குகளின் முறை. நல்ல முறைதான். ஆனால் தோளில் துண்டோடும் தொங்கும் வேட்டியோடும் ஓடும் பேன் அருகில் குனியக் கூடாது. பழைய பம்பு உள்ள இன்ஜின்களில், ஒவ்வொரு இன்ஜெக்டர் குழாய் நட்டாகத் தளர்த்திப் பார்த்து, எந்த சிலிண்டரில் தட்டல் மாறுகிறது என்று மெக்கானிக் கண்டறியலாம். 2020 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 6 விதி வந்த பின் வாங்கிய டீசல் வண்டிகளில் இதை யாரும் செய்யக் கூடாது. அந்தக் குழாய்களில் அழுத்தம் ஆயிரம் பாரைத் தாண்டும். லாரி டயர் அழுத்தத்தைப் போல நூறு மடங்குக்கு மேல். பீச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்.

இவ்வளவும் பார்த்த பிறகும், கீழ்ப்பக்கத்தில் கனமாக ‘தொம் தொம்’ என்று கேட்டு, பாரம் ஏறும்போது கூடினால், அப்போது இறக்கத்தான் வேண்டும். அதுவரை பொறுக்க வேண்டும். தேவையில்லாமல் திறந்த இன்ஜினுக்குக் கேஸ்கட் முதல் எல்லாம் புதிது போட வேண்டும்; அறுவடை நேரத்தில் வாடகை வண்டி தேடும் செலவு வேறு.

சென்னை - திருச்சி நெடுஞ்சாலையிலிருந்து சேலம் சாலை பிரியும் ஊர் உளுந்தூர்பேட்டை. வெளியூர் லாரிகளின் அவசரத்துக்கு நடுவில்தான் உள்ளூர் விவசாயியின் வண்டிக்கும் வேலை நடக்கிறது. ஆகவே வண்டியை எடுக்கும்போதே மூன்றைக் கேட்டு வாங்க வேண்டும்: என்னென்ன மாற்றப்பட்டது, எத்தனை லிட்டர் எந்த ஆயில் ஊற்றப்பட்டது என்று எழுதிய சீட்டு, கழற்றிய பழைய பில்டர், பட்டறை வாசலிலேயே ஐந்து நிமிட ஓட்டம். சீட்டு தர மறுக்கும் பட்டறைக்கு அடுத்த முறை போகாமல் இருக்கலாம். டிராக்டர்களை வாடகைக்கு விடும் வேளாண்மைப் பொறியியல் துறையும், தை அறுவடைக்கு முன் ஒரு நாள் ஒரு பழைய இன்ஜினை ஓட்டி, தளர்ந்த டேப்பட் எப்படிக் கேட்கும், காற்று பிடித்த டீசல் லைன் எப்படிக் கேட்கும் என்று விவசாயிகளின் காதுக்குக் காட்டலாம். அதற்குப் பெரிய செலவு ஒன்றும் பிடிக்காது.