ஜார்ஜ் டவுனில் மரபுத் தொழில்களுக்கு நிலையான குத்தகை வேண்டும்: எங்கள் நிலைப்பாடு

பினாங்குத் தீவில், ஜார்ஜ் டவுனின் பழைய வீதிகளில் கடை வைத்திருப்பவர்கள், பட்டறை நடத்துபவர்கள், மேளம் வாசிப்பவர்கள், ஆடுபவர்கள், ஓவியம் தீட்டுபவர்கள் சேர்ந்து நடத்தும் அமைப்பு எங்களுடையது. மரபு மண்டலத்தில் மிஞ்சியிருக்கும் சிறு கடைகளையும் கலைக் குழுக்களையும் எப்படிக் காப்பது என்ற கேள்வி கூட்டத்துக்குக் கூட்டம் எழுகிறது. கடைசியில் சுவருக்குச் சுண்ணாம்பு பூசுவது பற்றிப் பேசி முடிந்துவிடுகிறது. எங்கள் நிலைப்பாட்டைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். கட்டடத்துக்குச் சட்டம் தரும் பாதுகாப்பு, அதற்குள் தொழில் செய்பவருக்கும் எழுத்தில் கிடைக்க வேண்டும். அது பதிவு செய்யப்பட்ட நீண்ட காலக் குத்தகையாக இருக்க வேண்டும். மானியம், விழா, விருது எல்லாம் அதற்குப் பிறகுதான்.

2008 ஜூலை 7 அன்று யுனெஸ்கோ ஜார்ஜ் டவுனை மலாக்காவோடு சேர்த்து உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏற்றியது. பினாங்கில் அந்த நாள் மாநிலப் பொது விடுமுறை. மையப் பகுதி ஏறக்குறைய 109 ஹெக்டர், அதைச் சுற்றிய காப்புப் பகுதி 150 ஹெக்டர். பல இனத்தாரின் வழிபாடும் வணிகமும் மொழியும் ஒரே நகரத்தில் இன்றும் உயிரோடு தொடர்கின்றன என்பது அந்தத் தகுதி கிடைத்ததற்கான காரணங்களில் ஒன்று. அப்படியானால் ஒரு மசாலா அரவைக் கடை மூடப்படுவதும் கூரை ஓடு பெயர்ந்து விழுவதற்கு ஈடான சேதம்தான். ஓட்டை மாற்றி வேறு பொருளைப் போட்டால் மாநகர் மன்றம் நோட்டீஸ் அனுப்பும். கடை மூடினால் யாருக்கும் நோட்டீஸ் வருவதில்லை.

இந்த நிலைக்கு வந்த வழி எங்களில் மூத்தவர்களுக்கு நன்றாகவே நினைவிருக்கிறது. 1948-க்கு முன் கட்டிய வீடுகளும் கடைவீடுகளும் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ் இருந்தன. 1966-இல் இயற்றப்பட்ட அந்தச் சட்டம் 1999-இன் இறுதியோடு முடிவுக்கு வந்தது. 2000-ஆம் ஆண்டு பிறந்ததும் வாடகை சந்தை விலைக்குத் தாவியது. மாடியில் குடும்பமும் கீழே கடையுமாக வாழ்ந்தவர்கள் ஆயர் ஈத்தாமுக்கும் பாயான் லெப்பாசுக்கும் கடலுக்கு அப்பால் பட்டர்வொர்த்துக்கும் குடிபெயர்ந்தார்கள். எட்டரை ஆண்டு கழித்து யுனெஸ்கோ தகுதி வந்தது. கட்டடங்களின் மதிப்பு இன்னொரு முறை ஏறியது. கடைவீடுகள் தங்கும் விடுதிகளாகவும் காப்பிக் கடைகளாகவும் மாறின.

அந்தப் பழைய சட்டத்தைத் திரும்பக் கொண்டுவரும்படி நாங்கள் கேட்கவில்லை. அதில் உரிமையாளர்களுக்கு நியாயமான மனக்குறை இருந்தது. கைக்கு வந்த வாடகை கூரையைச் செப்பனிடவே போதாது. வீடுகள் ஒழுகின, சுவர்கள் பிளந்தன. குறைந்த வாடகைக்கு எடுத்தவர் அறை அறையாகத் தடுத்து உள்வாடகைக்கு விட்டு லாபம் பார்த்ததும் உண்டு. ஒரு தரப்பின் தலையில் முழுச் சுமையையும் ஏற்றிய ஏற்பாடு அது. நாங்கள் கேட்பது உரிமையாளருக்கும் பலன் தரும் ஏற்பாடு.

எதைக் காக்கச் சொல்கிறோம் என்பதைக் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். நம்மவர்கள் கடைத்தெரு என்று சொல்லும் லெபோ பாசாரில், கடைகளின் முன்னால் ஓடும் ஐந்தடிப் பாதையில் மாலை கட்டுபவரின் மேசை நாலடி நீளம்தான். அதன்மேல் ஈரத் துணி, துணிக்கு அடியில் மல்லிகை. கேமரன் மலையிலிருந்து வந்த சாமந்தி தனிக் கூடையில். பூவை இரண்டிரண்டாக எதிரெதிரே வைத்து, நூலை ஒரு சுற்றுச் சுற்றி, சுண்டி இழுப்பார். பேச்சும் நிற்காது, விரலும் நிற்காது. “அண்ணே, வேனுக்கு ஒன்னு” என்றால் நீளம் என்னவென்று கேட்கமாட்டார், அவருக்குத் தெரியும். தைப்பூசத்துக்கு முந்திய நாட்களில் அந்த மேசைக்கு இரவு பகல் கிடையாது. வெள்ளி ரதம் பினாங்கு வீதிக் கோயில் வீட்டிலிருந்து புறப்பட்டுத் தண்ணீர்மலையில் உள்ள நகரத்தார் கோயிலுக்குப் போகிற நாளில், வழி நெடுகக் காத்திருப்பவர்களின் அர்ச்சனைத் தட்டில் இருக்கும் பூ, காவடிக்காரர் உடம்பில் தொங்கும் எலுமிச்சை, பால்குடத்தைக் கட்டும் மஞ்சள் துணி எல்லாம் இந்த மேசையிலிருந்தும் பக்கத்து நாலைந்து கடைகளிலிருந்தும் போனவையாக இருக்கும்.

அந்த நாலடி இடம் பின்னால் உள்ள துணிக்கடைக்காரரின் இசைவில் கிடைத்தது. கடைக்குள்ளிருந்து ஒரு மின்கம்பி, குழாயிலிருந்து தண்ணீர், இரவில் மேசையை வைக்க ஒரு மூலை. எழுத்து எதுவும் இல்லை. துணிக்கடையின் வாடகை ஒப்பந்தம் முடிந்து, குளிர்சாதனம் போட்ட உணவகம் அங்கே வந்தால், முதல் நாளே மேசை போய்விடும். மாலை கட்டுபவரோடு அவருக்குக் காலையில் பூ கொண்டுவந்து தருபவரும், அதே நிழலில் கிளி வைத்துச் சோதிடம் பார்ப்பவரும் போவார்கள். ஒரு கடை மூடியது என்று கணக்கில் எழுதுவோம். போனது மூன்று பிழைப்பு.

அரவைக் கடையும் அப்படித்தான். மல்லி, காய்ந்த மிளகாய், சோம்பு, சீரகம், மிளகு, மஞ்சள் என்று எடுத்துப் போடும் விகிதம் ஒவ்வொரு நாசி கண்டார் கடைக்கும் வேறு. அது கடைக்காரருக்கும் அரைப்பவருக்கும் மட்டுமே தெரிந்த கணக்கு. அரைப்பவர் போனால் குழம்பின் ருசியே மாறும். மலேசியாவின் காலை உணவுப் பண்பாடு 2024-இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் ஏறியபோது எல்லோரும் மகிழ்ந்தோம். ரொட்டி சானாய் அதில் இருக்கிறது. அந்த ரொட்டியோடு வரும் குழம்புக்கு மசாலா அரைப்பவரின் கடை அடுத்த ஆண்டு எங்கே இருக்கும் என்று கேட்பதும் அந்த மகிழ்ச்சியின் பகுதியாக இருக்க வேண்டும்.

இப்போது குத்தகைக்கு வருவோம். தேசிய நிலச் சட்டப்படி 3 ஆண்டுக்கு மேற்பட்ட குத்தகையை நில உரிமைப் பத்திரத்தில் பதிய வேண்டும். 3 ஆண்டு வரைக்குமான வாடகை ஒப்பந்தத்துக்குப் பதிவு தேவையில்லை. அதனால் இரண்டு தரப்புக்கும் சுலபம் குறுகிய ஒப்பந்தமே. எங்கள் உறுப்பினர்களில் பலர் அப்படித்தான் இருக்கிறார்கள். இரண்டு மூன்று ஆண்டுக்குள் இடம் போகலாம் என்றிருப்பவர் புதிய அரவை இயந்திரம் வாங்கமாட்டார், பையன் ஒருவனைத் தொழில் கற்க வைத்துக்கொள்ளமாட்டார், வங்கியும் அவருக்குக் கடன் தராது. இளையவர்கள் மரபுத் தொழிலுக்கு வருவதில்லை என்று குறை சொல்கிறவர்கள் இதையும் பார்க்க வேண்டும். தங்க நகை வேலையில் கை படிவதற்கே ஆண்டுகள் ஆகும். அந்தக் காலம் முழுக்கப் பட்டறை அதே இடத்தில் இருக்கும் என்ற உறுதியில்லாமல் எந்தத் தாய் தன் பிள்ளையை அங்கே அனுப்புவாள்?

ஆகவே மரபு மண்டலத்தில் மரபுத் தொழில் செய்வோருக்குக் குறைந்தது 9 ஆண்டுப் பதிவுக் குத்தகை வேண்டும். வாடகை 3 ஆண்டுக்கு ஒருமுறை உயரலாம். எப்படி உயரும் என்பது தொடக்கத்திலேயே ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும். குத்தகை முடியும்போது புதுப்பிக்கக் கேட்கும் முதல் உரிமை, இருப்பவருக்கு. ஐந்தடியில் இடம் பெற்றிருக்கும் மாலைக் கடை, வடைக் கடை போன்றவற்றையும் அதே பத்திரத்தில் குறிப்பிட வேண்டும். இப்படிக் குத்தகை தரும் உரிமையாளருக்கு, அந்தக் காலம் முழுவதும் மதிப்பீட்டு வரியில் பாதியை மாநகர் மன்றம் தள்ளிக் கொடுக்க வேண்டும். பதிவுக் கட்டணத்தை மாநில அரசு விட்டுக்கொடுக்க வேண்டும். நிலம் மாநிலத்தின் அதிகாரத்தில் உள்ளது. இதற்குக் கோலாலம்பூரின் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. விடுதியாக மாறிய கட்டடத்துக்கும் அரவைக் கடை வைத்திருக்கும் கட்டடத்துக்கும் ஒரே அளவில் வரி போடுவது இனியும் சரியில்லை.

தனியார் உரிமையாளர்களிடம் கேட்பதற்கு முன் நம்மவர்களிடமே கேட்கிறோம். ஜார்ஜ் டவுனில் கடைவீடுகள் எல்லாம் தனியாருடையவை அல்ல. பள்ளிவாசல்களின் வக்ஃபு நிலங்கள், கோயில்களின் சொத்துகள், நகரத்தாரின் கிட்டங்கிகள், சீனக் குலச் சங்கங்களின் வீடுகள் வீதிக்கு வீதி இருக்கின்றன. கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் 1801-இலிருந்தும், குயின் வீதி மகாமாரியம்மன் கோயில் 1833-இலிருந்தும் இங்கே இருக்கின்றன. சுற்றியிருந்த வணிகர்களும் தொழிலாளர்களும் கொடுத்துக் கொடுத்து வளர்த்த தலங்கள் அவை. அறச் சொத்துகளை நிர்வகிப்பவர்கள் கூடுதல் வாடகை தருபவருக்கே கடையைக் கொடுத்தால், அறம் என்ற சொல்லுக்கு அங்கே வேலையில்லை. ஒவ்வொரு அறக்கட்டளையும் தன் கட்டடங்களின் கீழ்த்தளத்தில் ஒரு பங்கை மரபுத் தொழில்களுக்கு ஒதுக்கி, எங்கே, எத்தனை என்று வெளிப்படையாக அறிவிக்க வேண்டும். சட்டத்துக்குக் காத்திருக்காமல் நாளைக்கே செய்யக்கூடியது இது.

கலைஞர்கள் பக்கம் பிரச்சினை வேறு மாதிரி. அவர்களுக்குக் கடை இல்லை, கூலியும் சரியாக இல்லை. விழா என்றால் உறுமி மேளமும் நாதஸ்வரமும் பரதமும் வேண்டும். மேடைக்கும் ஒலிபெருக்கிக்கும் ஒப்பந்தம் போடுகிறவர்கள், வாசிக்க வருகிற குழுவிடம் மட்டும் ‘உங்களுக்கு நல்ல விளம்பரம்’ என்கிறார்கள். எங்கள் குழுக்கள் சில தவிலையும் ஆட்களையும் வேனில் ஏற்றிக்கொண்டு பாலம் கடந்து வந்து, சாப்பாட்டுப் பொட்டலத்தோடு திரும்பியிருக்கின்றன. எந்த விழா என்று இங்கே எழுதவில்லை. இனிமேல் பொதுப் பணத்தில் நடக்கும் எந்த நிகழ்ச்சியிலும் எழுத்து ஒப்பந்தமும் போக்குவரத்துச் செலவும் பாதி முன்பணமும் இல்லாமல் எங்கள் உறுப்பினர்கள் மேடை ஏறமாட்டார்கள். பயிற்சிக்கு இடமும் வேண்டும். வீதிகளில் விடுதிகள் பெருகிய பிறகு மாலையில் மேளம் அடித்துப் பழகுவது சிரமமாகிவிட்டது. அலுவலக நேரம் முடிந்தபின் பூட்டிக் கிடக்கும் பொதுக் கட்டடங்களின் மாடிகளை வாரத்தில் சில மாலைகள் திறந்துவிட்டால் போதும்.

சுவரோவியங்களைப் பற்றியும் எங்களிடம் அடிக்கடி கேட்கிறார்கள். 2012 ஜார்ஜ் டவுன் விழாவுக்காக லித்துவேனிய ஓவியர் எர்னஸ்ட் ஸகாரெவிச் வரைந்த படங்கள், ஆர்மீனியன் வீதியில் மிதிவண்டியில் போகும் இரு குழந்தைகள் உட்பட, நகரத்தின் பெயரை உலகுக்குக் கொண்டுபோயின. அவற்றின் மேல் எங்களுக்கு வருத்தம் இல்லை. அந்தக் குழந்தைகளின் சிரிப்பு எங்களுக்கும் பிடிக்கும். ஆனால் படமெடுக்க வரிசையில் நிற்பவர் அதே வீதியில் வாங்கிப் போவது எங்கோ ஆலையில் அச்சிட்ட காந்த வில்லையும் டீசட்டையும் என்றால், வரைந்தவருக்கும் பலனில்லை, வீதிக்கும் பலனில்லை. உள்ளூர் ஓவியர் ஒருவரின் படத்தை அச்சடித்து விற்பவர் அவரிடம் அனுமதி வாங்கி, பங்கு கொடுக்க வேண்டும். கொடுக்காதவரின் வணிக உரிமம் புதுப்பிக்கப்படும்போது அதைக் கேள்வியாக எழுப்ப வேண்டும். இந்தத் தீவில் கையால் செய்த பொருளுக்கு ஒரு பொது முத்திரையும் வேண்டும். பிரம்பு பின்னியவரின் கூடையும் இறக்குமதிக் கூடையும் ஒரே அலமாரியில் இருந்தால் வாங்குபவருக்கு வித்தியாசம் தெரிய வேண்டாமா?

தமிழர் கடைகளைப் பற்றி நிறையச் சொன்னோம், எங்களுக்கு அதிகம் தெரிந்தவை அவை என்பதால். கோரிக்கை எல்லோருக்கும் பொது. சொங்கோக் தொப்பி தைப்பவர், ஊதுவத்தி உருட்டுபவர், சீனக் கடைகளுக்குப் பெயர்ப்பலகை செதுக்குபவர், தியோசூ பொம்மலாட்டக்காரர், மொஹரம் நாட்களோடு பிறந்து பினாங்கின் சொந்தக் கலையாக வளர்ந்த பொரியாக் குழுவினர் எல்லோருக்கும் இதே குத்தகையும் இதே ஒப்பந்தமும் வேண்டும்.

நகரம் மாறாமல் உறைந்து நிற்க வேண்டும் என்றும் நாங்கள் நினைக்கவில்லை. மாலை கட்டுபவர் இப்போது வாட்ஸப்பில் ஆர்டர் எடுக்கிறார், கைப்பேசியில் பணம் வாங்குகிறார். அரவைக் கடையில் மின்சார இயந்திரம் ஓடுகிறது. சுற்றுலாப் பயணிகளுக்காக அவர்களைத் தலைப்பாகை கட்டி உட்கார வைக்கும் திட்டம் எதுவும் வந்தால் முதலில் எதிர்ப்பது நாங்களாகத்தான் இருப்போம். எந்தத் தொழில் மரபுத் தொழில் என்று முடிவு செய்ய ஒரு குழு வேண்டும், அதில் தொழில் செய்பவர்கள் பாதிப் பேர் இருக்க வேண்டும் என்று கேட்பது அதனால்தான். அதிகாரிகள் மட்டும் முடிவு செய்தால் படத்தில் அழகாக விழும் தொழில்கள் மட்டுமே பட்டியலில் நிற்கும். தையல்காரர், கைக்கடிகாரம் பழுது பார்ப்பவர், பழைய பாத்திரத்துக்கு ஈயம் பூசுபவர் விடுபட்டுப் போவார்கள்.

எங்கள் பக்கத்துக் கடமையையும் எழுத்தில் தருகிறோம். இந்தத் திட்டத்தில் குத்தகை பெறும் எங்கள் உறுப்பினர் யாரும் கடையை உள்வாடகைக்கு விடக் கூடாது. ஒவ்வொருவரும் குத்தகைக் காலத்துக்குள் ஒருவருக்காவது, வீட்டுப் பிள்ளையோ வெளியாளோ, தொழிலைக் கற்றுத் தர வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை கணக்கையும் பயிற்சி விவரத்தையும் மரபுத் தொழிலை முடிவு செய்யும் குழுவின் பார்வைக்கு வைக்க வேண்டும். இவற்றை மீறியவர் எங்கள் நிர்வாகக் குழுவில் இருப்பவரானாலும், அவர் குத்தகையை நிறுத்தும்படி மாநகர் மன்றத்துக்கு நாங்களே எழுதுவோம். மாநில அரசு, மாநகர் மன்றம், அறச் சொத்து வாரியங்கள் மூன்றுக்கும் இந்த அறிக்கையோடு குத்தகைப் பத்திரத்தின் மாதிரி வரைவையும் அனுப்புகிறோம். கையெழுத்திடத் தயாராக உள்ள உரிமையாளர்கள் திட்டம் வரும்வரை காத்திருக்காமல் எங்களிடம் வரலாம்.