பிள்ளைகளும் இசையும்: வீட்டிலே பியானோ ஒலிப்பதிவு

இசைப் பரீட்சை என்றால் பிள்ளையைப் பரீட்சை மண்டபத்துக்குக் கூட்டிக்கொண்டு போவதுதான் வழக்கம். 2020ஆம் ஆண்டிலே பிரித்தானியாவின் ஏபிஆர்எஸ்எம் சபை இன்னொரு வழியையும் திறந்துவிட்டது. பிள்ளை நான்கு உருப்படிகளை வீட்டிலேயே வாசிக்க, அதனை வீடியோவில் பதிவுசெய்து அனுப்பலாம். தொடர்ச்சியாக எடுத்த ஒரே பதிவாக இருக்கவேண்டும், வெட்டி ஒட்டமுடியாது. மூன்றாவது உருப்படியில் பிரிஜ் உறுமினால் மறுபடி முதலிலிருந்துதான்!

நம்மவர் வீடுகளில் பலவேளை இருப்பது, யாரோ "கொண்டுபோனால் போதும்" என்று தந்த பழைய நிமிர்ந்த பியானோ. அதுவே போதும். உள்ளே இருநூறுக்கு மேற்பட்ட கம்பிகள். அவற்றின் மொத்த இழுவிசை 15 தொன்னுக்கும் மேல். வீடு மாறி வந்த பியானோவின் மரம் புது அறையின் ஈரலிப்புக்குப் பழகவேண்டும். எனவே இரண்டு மூன்று வாரம் விட்டே சுருதி சேர்ப்பவரை அழையுங்கள். ஹீற்றருக்கு அருகே வைத்தால் பனிக்காலத்தில் மரம் காய்ந்து சுருதி இறங்கிவிடும். ஒலிவாங்கி வாங்க ஒதுக்கிய காசை இதற்குச் செலவழியுங்கள் என்பதே என் அபிப்பிராயம். சுருதி கெட்ட பியானோவை எந்த ஒலிவாங்கியும் திருத்தாது.

நிமிர்ந்த பியானோவின் முதுகிலுள்ள பெரிய பலகைதான் நாதத்தை எழுப்புகிறது. சுவரோடு ஒட்டிக் கிடந்தால் ஒலி அடைபட்டுப் போகும். ஒரு அடி முன்னுக்கு இழுத்து, மேல்மூடியைத் திறவுங்கள். மேலே வைத்திருக்கும் படங்களையும் பூச்சாடியையும் இறக்குங்கள், கிணுகிணுக்கும்.

கைத்தொலைபேசியை வாசிப்பவரின் பக்கவாட்டில், கைகள் தெரியுமாறு, ஆறடி தூரத்தில் நிறுத்துங்கள். பியானோவின்மேல் வைத்தால் சுத்தியல் தட்டும் சத்தமே முன்னுக்கு வரும். இன்னொரு தொல்லை: கைத்தொலைபேசி பேச்சுக்காகச் செய்யப்பட்டது. மெல்லிய ஒலியைத் தானாகவே உயர்த்தி, உரத்ததை அமுக்கிவிடும். பிள்ளை ஆறு மாதம் பழகிய நயம் தட்டையாகிப் போகும். சில செயலிகளில் இதனை நிறுத்தி, ஒலியளவைக் கையாலேயே அமைக்கலாம். உருப்படிகளில் மிக உரத்த இடத்தை முதலில் வாசிக்கச் சொல்லி, அளவுகாட்டி சிவப்பைத் தொடாதபடி வையுங்கள்.

தொடர்மாடியில் இரவுப் பயிற்சிக்கு நடுப்பெடல் உதவும். பல பியானோக்களில் அதை அழுத்தினால் சுத்தியலுக்கும் கம்பிக்கும் இடையே ஃபெல்ட் துணி இறங்கும். ஜேர்மன் இசைஞர் நில்ஸ் பிராம், அயலவருக்குத் தொந்தரவின்றி இரவில் வாசிப்பதற்காக ஃபெல்ட் இட்டு, ஒலிவாங்கிகளைக் கம்பிகளுக்கு வெகு அருகே வைத்துப் பதிந்து, 2011இல் 'ஃபெல்ட்' என்ற பெயரிலேயே இசைத்தட்டு வெளியிட்டார். பரீட்சைப் பதிவுக்கு அந்த மங்கல் ஒலி சரிவராது. கீழ்வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே நேரத்தைச் சொல்லுங்கள். ஜேர்மனி, சுவிஸ் நாடுகளில் ஞாயிற்றுக்கிழமை வேண்டவே வேண்டாம். பிரிஜ்ஜை அரைமணி நேரம் நிறுத்தினால் கறி பழுதாகாது. திரும்பப் போட மறக்காதீர்கள்.

அடுத்த இதழில்: பழைய பியானோ எடுக்கப் போகும்போது பார்க்கவேண்டியவை.