தகட்டுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் தாளைப் படிச்சிட்டு உபயம் கொடுங்க



போன திருவிழாவுக்கு வந்த பலபேர் எங்களிடம் கேட்ட ஒரே கேள்வி: "சோலார் போட்டாச்சுன்னு போஸ்ட் போட்டீங்களே, அப்புறம் ஏன் ஜெனரேட்டர் ஓடுது?" அன்னைக்கு நாங்க சிரிச்சு மழுப்பிட்டோம். அம்மனுக்குத் தீபாராதனை நடக்கும்போது பெட்ரோல் புகை வந்தது எங்களுக்கும் வருத்தம்தான். நடந்ததை இப்போது சொல்லிவிடுகிறோம். இன்னொரு தோட்டக் கோயிலுக்கு இது நடக்கக்கூடாது.

நம்ம கோயில் நிலைமை உங்களுக்குத் தெரியும். பால்மரம் போய் செம்பனை வந்தது, லயம் போனது, ஜனம் தாமானுக்குப் போனது. தோட்டத்து லைனில் வந்துகொண்டிருந்த கரண்ட்டும் கூடவே போனது. நில ஆவணம் இல்லாமல் மீட்டர் கேட்டு அலைந்த கதையை இங்கே எழுதப் போவதில்லை. பேராக் ஆற்றில் செண்டரோ அணை 1930லேயே மின்சாரம் கொடுக்க ஆரம்பித்தது, கிந்தா ஈயச் சுரங்கங்கள் அதில் ஓடின. பால் வெட்டிய நம்ம பாட்டன்மார் மண்ணெண்ணெய் விளக்கில்தான் அம்மனைக் கும்பிட்டார்கள். அதனால் ஒரு நல்ல மனுஷர் பேட்டரி பெட்டி ஒன்றும், இன்னொருவர் பெரிய சோலார் தகடு இரண்டும் உபயம் என்றதும் எங்களுக்குக் கண்ணு கலங்கிடுச்சு.

பெட்டிக்குள் பேட்டரி, இன்வெர்ட்டர், சோலாரிலிருந்து சார்ஜ் ஏற்றும் கருவி எல்லாமே இருக்கும். ஒரு கிலோவாட் மணி பிடிக்கும். 10 வாட் எல்இடி விளக்கு பத்தை ஐந்து மணி நேரம் எரித்தாலும் பாதிதான் செலவாகும், மீதியில் மைக் செட்டும் ஒரு காத்தாடியும் ஓடும். தகடு ஒவ்வொன்றும் 550 வாட். திருவிழாவுக்கு முந்தின நாள் காலையில் எங்களில் ஒருவர் ரெண்டையும் வரிசையாக, அதாவது ஒன்றின் பிளஸ்ஸை அடுத்ததன் மைனஸில் மாட்டி, பெட்டியில் சொருகினார். ஒரு சின்ன சத்தம். கருகிய வாடை. அவ்வளவுதான்.

தப்பு எங்கே? பெட்டியின் முதுகில் சின்ன எழுத்தில் இருந்தது: சோலார் உள்வாங்க 11 முதல் 60 வோல்ட், 15 ஆம்பியர், அதிகபட்சம் 500 வாட். தகட்டின் பின்னால் ஒட்டியிருந்த தாளிலும் இருந்தது: சுமை இல்லாத நிலையில் வோல்ட் 49.9. வரிசையாக மாட்டினால் வோல்ட் கூடும். கிட்டத்தட்ட 100 வோல்ட், 60 தாங்கும் பெட்டிக்குள் போனது. சில பெட்டிகள் தானே தடுத்துக்கொள்ளும். எங்களோடது அப்படி இல்லை.

அதே ரெண்டு தகட்டையும் பிளஸ்ஸோடு பிளஸ், மைனஸோடு மைனஸ் என்று பக்கவாட்டில் சேர்த்திருந்தால் வோல்ட் 50க்குள்ளேயே நின்றிருக்கும், ஆம்பியர்தான் இரட்டிப்பாகியிருக்கும். ஆம்பியர் கூடினால் பயமில்லை. அன்னதானத்தில் சோறு அண்டா நிறைய இருந்தாலும் நம்ம வயித்துக்கு வேண்டியதைத்தானே சாப்பிடுறோம், அந்த மாதிரி பெட்டி தன் 15 ஆம்பியரை மட்டும் எடுத்துக்கொள்ளும். ஒயர் மட்டும் தாங்கும் தடிமனில் இருக்க வேண்டும். வோல்ட் அப்படி இல்லை. அது வாய்க்குள் திணிப்பது. இன்னும் வயித்தெரிச்சல் என்னவென்றால், பெட்டி 500 வாட்டுக்கு மேல் வாங்காது. ஒரு தகடே போதும். ரெண்டாவதை மாட்டியிருக்கவே வேண்டாம்.

மாட்டிய தம்பியை யாரும் குறை சொல்ல வேண்டாம். விடியற்காலையிலிருந்து தோரணம் கட்டிய பிள்ளை அவர். பொறுப்பு எங்களுடையது. "எத்தனை வாட்?" என்று மட்டும்தான் கமிட்டியில் பேசினோம். 550ஆ, ரெண்டா, ஆஹா என்று கைதட்டினோம். வோல்ட் எவ்வளவு என்று ஒருத்தரும் கேட்கவில்லை. கடைக்காரரோ வாரண்டியில் இது வராது என்றார். அவரைச் சொல்லியும் குற்றமில்லை.

ஆகவே எங்கள் கருத்து இது, சிலருக்குப் பிடிக்காமல் போகலாம்: பொருந்தாத தகட்டை உபயமாக வாங்கக்கூடாது. "சாமிக்குக் கொடுக்கிறதை வேணாம்னு சொல்லலாமா?" என்று ஒரு பெரியவர் கோபப்பட்டார். அபிஷேகத்துக்குத் திரிந்த பால் வந்தால் என்ன செய்கிறோம் ஐயா? மரியாதையாகத் திருப்பிக் கொடுக்கிறோம். அதேதான்.

சின்ன 100 வாட் தகடுகள் கொடுக்க நினைப்பவர்களும் உண்டு. அதில் ஒவ்வொன்றும் ஏறக்குறைய 22 வோல்ட். ரெண்டை வரிசையாக மாட்டினால் 44, நல்லது. மூணு என்றால் 66, பெட்டி போச்சு. நாலு இருந்தால் ரெண்டு ரெண்டாக வரிசையாக்கி, அந்த ரெண்டு ஜோடியையும் பக்கவாட்டில் சேர்க்கலாம். 44 வோல்ட்டில் 400 வாட் வரும். 60க்கு 59 வருகிற மாதிரி கணக்கும் வேண்டாம். தாளில் போட்டிருப்பது தகடு 25 டிகிரியில் இருக்கும்போது உள்ள வோல்ட். மதிய வெயிலில் அது குறையும், கேமரன் மலைக் குளிரில் கூடும்.

நிழலும் ஒரு விஷயம். வரிசையாக மாட்டினால் ஒரு தகட்டில் அரசமரத்து நிழல் விழுந்தாலே அடுத்ததன் வரத்தும் படுத்துவிடும். மத்தியானத்துக்கு மேல் ஈப்போ பக்கம் எப்ப மழை கொட்டும் என்று தெரியாது, காலை வெயிலை விடக்கூடாது. அதனால் கோபுர நிழல் காலையில் எங்கே விழுகிறது என்று பார்த்துத்தான் தகட்டை வைக்க வேண்டும்.

புதுப் பெட்டிக்கு இப்போது பாதிப் பணம் சேர்ந்திருக்கிறது. 30 வெள்ளிக்குள் ஒரு மல்டிமீட்டர் வாங்கி கோயில் அலமாரியில் வைத்துவிட்டோம். இனிமேல் பெட்டியில் சொருகும் முன்னால் ஒயர் முனையில் வைத்து வோல்ட்டும் பிளஸ் மைனஸும் பார்ப்போம், ஒருவர் அளக்க இன்னொருவர் நோட்டில் எழுதுவார். ஒயரைப் பிரிக்கும்போது முதலில் தகட்டைத் துணியால் மூட வேண்டும், வெயிலில் அப்படியே இழுத்தால் பொறி பறக்கும். கற்பூரத் தட்டு போகிற வழியில் பெட்டி இருக்காது. ஷெட்டில் நிரந்தரமாக ஒயர் இழுக்கும் வேலை லைசென்ஸ் உள்ள வயர்மேனுக்குத்தான். இதில் "எனக்குத் தெரியும்லா" என்று யாரும் வர வேண்டாம்.

தகடு உபயம் செய்ய விரும்புகிறவர்கள் கடையில் பணம் கட்டுவதற்கு முன்னால், தகட்டின் பின்னால் இருக்கும் தாளைப் படம் எடுத்து கோயில் வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். ஞாயிற்றுக்கிழமை பூஜை முடிந்ததும் உட்கார்ந்து கணக்குப் பார்த்து, ஆகும் ஆகாது என்று அன்னைக்கே பதில் சொல்லிவிடுகிறோம்.