புது வாஷ்பேசின் வைக்கிறீர்களா? மொட்டை மாடிக்கும் ஒருமுறை போய்ப் பாருங்கள்!

சாப்பிடும் இடத்திலேயே ஒரு வாஷ்பேசின் வேண்டும் என்ற யோசனை, பெரும்பாலும் ஊரிலிருந்து அம்மாவோ மாமனாரோ வந்து தங்கும்போதுதான் வரும். வயதான காலத்தில் ஈரமான பாத்ரூம் வரை நடக்க வேண்டாமே என்ற அக்கறை. பேசின் தேர்ந்தெடுக்க கடையில் ஒரு சாயங்காலம் முழுக்கப் போகும். அழுக்குத் தண்ணீர் எங்கே போகும் என்ற கேள்வி மட்டும் பிளம்பர் வந்து நின்ற பிறகே எழும்.

“சுவத்துக்கு அந்தப் பக்கம் பாத்ரூம்தானேக்கா, அந்த லைன்லயே சேத்துடலாம்” என்பார் அவர். அரை நாள் வேலை. அதில் தப்பில்லை, பல வீடுகளில் அதுதான் சுலபமான வழி. ஆனால் இரண்டு வாரம் கழித்து, “தம்பி, பேசின்ல தண்ணி விட்டா பாத்ரூம் ஜாலி கொடகொடன்னு சத்தம் போடுது. ஒரே நாத்தம்” என்று போன் போகும். அடைப்பு என்று நினைத்து ஆசிட் ஊற்றுவார்கள். பல வீடுகளில் அங்கே அடைப்பே இருக்காது. குழாய்க்குள் காற்று போதாததுதான் கோளாறு.

பாத்ரூம் ஜாலிக்குக் கீழே ‘நஹானி டிராப்’ என்று ஒரு கிண்ணம் இருக்கிறது. அதில் எப்போதும் இரண்டு அங்குல அளவுக்குத் தண்ணீர் தேங்கி நிற்க வேண்டும். சாக்கடை வாயுவுக்கும் கரப்பான்பூச்சிக்கும் வீட்டுக்குள் வரவிடாத கதவு அந்தத் தண்ணீர்தான். பேசின் தண்ணீர் குழாயை அடைத்துக்கொண்டு வேகமாக இறங்கும்போது அதன் பின்னால் காற்று குறைகிறது. வேறு வழியில் காற்று கிடைக்காவிட்டால், பக்கத்து டிராப்பில் நிற்கும் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டு அந்த வழியாகக் காற்றை இழுக்கும். டியூப் போட்டு கேனிலிருந்து மண்ணெண்ணெய் இறக்கும் அதே சங்கதி. கொடகொட சத்தம் அப்போது வருவதுதான். கதவு திறந்துவிட்டது என்று அர்த்தம்.

நாற்றத்தோடு போனால் பரவாயில்லை. 2003-ல் ஹாங்காங்கின் அமாய் கார்டன்ஸ் அடுக்குமாடிக் குடியிருப்பில் 300 பேருக்கு மேல் சார்ஸ் நோய் தாக்கியது. கிருமி பரவிய வழிகளில் ஒன்றாக ஆய்வாளர்கள் சொன்னது, பாத்ரூம் தரையில் தண்ணீர் வற்றிக் கிடந்த டிராப்களை.

இந்தக் காற்றுக்காகத்தான் கட்டும்போதே கழிவுக் குழாயை மொட்டை மாடிக்கு மேலே வரை ஏற்றி, ஓட்டை போட்ட மூடி வைக்கிறார்கள். வென்ட் பைப் என்பது அதுதான். வடாம் காயப்போடும்போது வாடை வருகிறது என்று அதற்கு சிமென்ட் பூசிவிடுகிறார்கள். மேலே ரூம் எடுக்கும்போது குழாயையே அறுத்துவிடுகிறார்கள். கொசுவுக்கு வலை கட்டினால் போதும், மூடக்கூடாது. புது பேசினை இணைப்பதற்கு முன்பு அந்தக் குழாய் திறந்திருக்கிறதா என்று ஒருவர் மேலே ஏறிப் பார்த்துவிட வேண்டும்.

பேசினுக்குக் கீழே சுருள் டியூபைத் தரை ஓட்டைக்குள் சும்மா சொருகிவிடுவது இன்னொரு வழக்கம். ஓட்டையைச் சுற்றி இருக்கும் இடைவெளியே நாற்றத்துக்குப் போதும். பாட்டில் டிராப் மாட்டி, சேரும் இடத்தில் ரப்பர் வாஷர் போட்டு இறுக்கச் சொல்லலாம். அங்கிருந்து 32 மி.மீ. குழாய் போதும். நாலு அடிக்கு ஓர் அங்குலம் சரிவு வேண்டும். பழைய லைன் நாலைந்து அடிக்குள் இருந்தால் நல்லது. தூரம் கூடினால் பெரிய குழாய் வேண்டும், அதற்குத் தனியாகக் காற்று வழியும் விட வேண்டும். டிராப்பைத் தாண்டியதும் குழாயைச் செங்குத்தாக இறக்கினால், தன் தண்ணீரைத் தானே உறிஞ்சிக்கொண்டு போய்விடும்.

சமையலறை சிங்க் என்றால் கதை வேறு. எண்ணெய்ப் பிசுக்கு வரும் என்பதால் 50 மி.மீ. குழாய் போட்டு, பாத்ரூம் லைனில் சேர்க்காமல், வெளியே இருக்கும் கல்லி டிராப்புக்கு நேராகக் கொண்டுபோவது நல்லது. கைக்கு எட்டுகிறதே என்று எதையும் மழைநீர்க் குழாயில் மட்டும் சேர்க்கவே கூடாது. அது மழைநீர் சேகரிப்புக் குழிக்குப் போகிற வீட்டில், பாத்திரம் கழுவிய தண்ணீர் சொந்தக் கிணற்றுக்கே போய்ச் சேரும்.

சுவரைப் பூசி டைல்ஸ் ஒட்டுவதற்கு முன் ஒரு சோதனை இருக்கிறது. பேசினை அடைத்து விளிம்பு வரை தண்ணீர் நிரப்பிக்கொள்ள வேண்டும். ஒருவர் அடைப்பானைச் சட்டென்று எடுக்க, இன்னொருவர் பாத்ரூம் ஜாலியைத் தூக்கி டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். உள்ளே தண்ணீர் லேசாக ஆடினால் சரி. சத்தத்தோடு கீழே இறங்கினால் காற்று வழி போதவில்லை. பிளம்பர் பையைக் கட்டுவதற்குள் இதைச் செய்துவிட்டால், ஒட்டிய டைல்ஸை மறுபடி உடைக்கிற செலவு மிச்சம்.