கேற் யாற்றை சொத்து?



விமான நிலையம் என்றால் எங்கட வீடுகளில் ரிக்கெற் விலையும் பெட்டியின் கிலோவும்தான் கதை. இந்தமுறை நான் எழுதுறது குத்தகையைப் பற்றி. எந்தக் கேற் எந்தக் கம்பனிக்கு, எத்தனை வருசத்துக்கு என்று தீர்மானிக்கிற அந்தக் கடதாசியை இடதுசாரிகள் நாங்கள் வாசிக்கப் பழக வேணும்.

சிக்காகோ ஓஹெயரைப் பாருங்கோ. அந்த விமான நிலையம் மாநகரசபைக்குச் சொந்தம். ஆனால் 1983இல் எழுதின குத்தகை 2018 மே வரைக்கும் ஓடினது. 35 வருசம்! யுனைற்றட், அமெரிக்கன் என்ற இரண்டு கம்பனிகளும்தான் அங்கே பெரிய கை. 2011இல் விரிவாக்க வேலைக்குக் கடன் எடுக்க மாநகரசபை வெளிக்கிட்டபோது, அதை நிற்பாட்டச் சொல்லி இரண்டு கம்பனிகளும் வழக்குப் போட்டன. சொந்தக்காரர் தன் வீட்டைத் திருத்தக் குடியிருப்பவரிட்டை அனுமதி கேட்ட மாதிரி.

2018இல் 850 கோடி டொலர் திட்டத்தோடு புதிய குத்தகை வந்தது. யுனைற்றட்டுக்கு ஐந்து கேற்றுகள் கூடப் போகுது என்று அமெரிக்கன் கையெழுத்து வைக்க மறுத்தது. மூன்று பொதுப் பாவனைக் கேற்றுகளைக் கெதியாகக் கட்டுவதாக மாநகரசபை ஒத்துக்கொண்ட பிறகுதான் சமாதானம். புதிய குத்தகையின்படி, யார் எவ்வளவு பாவிக்கினம் என்று பார்த்துக் கேற்றுகளைத் திருப்பிப் பங்கிடலாம். அந்தப் பங்கீட்டுக்கு எதிராக 2025இல் அமெரிக்கன் நீதிமன்றம் போனது.

ஐந்து கேற்றுக்கு ஏன் இவ்வளவு அடிபாடு? கேற் இல்லாத கம்பனி அந்த ஊருக்குப் பறக்க ஏலாது. 2013இல் அமெரிக்கனும் யுஎஸ் எயர்வேஸும் ஒன்றுசேர்ந்தபோது, ஓஹெயர் உட்பட ஐந்து விமான நிலையங்களில் இரண்டிரண்டு கேற்றுகளை விட்டுக்கொடுக்க வேணும் என்று அமெரிக்க நீதித்துறை நிபந்தனை போட்டது. கேற்றைப் பூட்டி வைத்தால் போட்டியே வராது என்பது அரசுக்கும் தெரியும்.

இந்த அடிபாட்டில் கேற்றைக் கூட்டித் துடைக்கிறவைக்கு ஒரு கதிரையும் இல்லை. 2017 மேயில் லொஸ் ஏஞ்சலிஸில் டெல்ராவும் இன்னும் 20 கம்பனிகளும் ஒரு கிழமைக்குள் இடம் மாறின. கம்பனி மாறும்போது அதின்ரை கேற்றும் கவுன்ரரும் குத்தகையில் எழுதியிருக்கும். வீல்செயர் தள்ளுறவரும் விமானத்தைத் துப்புரவாக்கிறவரும் துணை ஒப்பந்தக்காரரின் ஆக்கள். ஒப்பந்தம் கை மாறினால் பத்து வருச அனுபவமும் பூச்சியத்திலிருந்து தொடங்கலாம்.

ஆனால் சொந்தக்காரர் பொதுமக்கள் என்றால், நிபந்தனை போடுகிற அதிகாரமும் அங்கேதான் இருக்குது. 2016 நவம்பர் 29இல் ஓஹெயரின் ஒப்பந்தத் தொழிலாளர்கள் நூற்றுக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்தவை. அடுத்த செப்ரெம்பரில் சிக்காகோ மாநகரசபை சட்டம் போட்டது: விமான நிலைய ஒப்பந்தத் தொழிலாளருக்கு 2018 யூலையிலிருந்து மணிக்கு 13.45 டொலர். தொழிற்சங்கம் அமைப்பதற்கு ஒப்பந்தக்காரர் இடைஞ்சல் செய்யாமலிருக்க உடன்படிக்கையும் வேணும் என்றது.

"கட்டடத்துக்குக் காசு குடுக்கிறது விமானக் கம்பனிதானே" என்று சிலர் சொல்லுவினம். அந்தக் காசு கடைசியில் எங்கட ரிக்கெற்றிலிருந்துதான் வருகுது. காசு குடுக்கிறவைக்கு உரிமை என்றால் எங்களுக்கும் உரிமை உண்டு.

ரொறொன்ரோ பியர்சனின் காணி கனடிய மத்திய அரசுடையது. 1996இல் 60 வருசக் குத்தகைக்குக் குடுத்தது. அங்கே இரவு வேலை செய்கிற எங்கட சனம் கனபேர். மே தினத்தில் பதாகை பிடிக்கிறது நல்லது. ஆனால் கையெழுத்து விழுந்த குத்தகையை மாற்ற முப்பது வருசம் பொறுக்க வேண்டிவரும். அதுக்கு முதல் பேச வேணும்.

ஆகவே ஒரு வேலை. உங்கட ஊர் விமான நிலையத்தின் சொந்தக்காரர் யார், குத்தகை எப்ப முடியுது, துப்புரவு ஒப்பந்தம் எந்த மாதம் ஏலத்துக்கு வருகுது? தேடி எழுதிக்கொண்டு அடுத்த கூட்டத்துக்கு வாங்கோ. கோரிக்கையை அந்தத் திகதிகளிலிருந்து தொடங்குவம்.